உள்மனதிடம் அம்மா கேட்ட கேள்வி

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். ஆசிரியர் நியமனக் கடிதம் வந்த அன்று, வாசிக்கத் தெரியாத அப்பா அதை இரண்டு முறை தடவிப் பார்த்தார். அதில் ஒரு நிபந்தனை இருந்தது. மூன்று மாதத்துக்குள் அதிகாரி ஒருவர் முன்னால் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். என்னால் அது முடியாது என்பது அப்போது எனக்கு மட்டுமே தெரியும்.

நாற்பது பிள்ளைகள் எழுந்து நின்று என்னைப் பார்த்ததும் தொண்டை அடைத்துவிடும். வாய் திறக்காமல் கரும்பலகையில் எழுதி எழுதியே நாட்களை ஓட்டினேன். பிள்ளைகள் அதை என் கண்டிப்பு என்று நினைத்தார்கள். நானும் அப்படியே நினைக்க விட்டேன்.

இது போர்க்காலத்தில் இராணுவம் எங்கள் ஊரில் நடத்திய ஒரு சுற்றிவளைப்பில் தொடங்கியது. ஊரையே மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, ஆட்களைக் காட்டிக்கொடுக்க சாக்கால் முகத்தை மூடி நிறுத்தியிருந்த தலையாட்டியின் முன்னால் ஒவ்வொருவராக நடக்க வைத்தார்கள். அவன் தலை அசைந்தால் ஆளை வண்டியில் ஏற்றிவிடுவார்கள். என் முறை வந்தபோது சிப்பாய் பெயரைக் கேட்டான். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. மூன்றாம் தரம் கேட்டும் வரவில்லை. சாக்கின் ஓட்டைகளுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் என்னையே பார்த்தன. தலை அசையவில்லை. போகச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு, பலர் என்னைப் பார்க்கும் இடத்தில் எனக்குக் குரல் இல்லை.

மட்டக்களப்பில் ஒரு டொக்டர் அறிதுயில் முறையில் இதைக் குணப்படுத்துகிறார் என்று கேள்விப்பட்டு, அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"அரைத் தூக்கத்தில வச்சு என்ட உள்மனசோட கதைப்பாராம்."

அம்மா சிறிது யோசித்தார். "அப்ப உனக்கு உரு வரப் போகுது."

எங்கள் ஊர்க் கோயில் சடங்கில் உரு வந்து தெய்வம் ஒருவர் மேல் ஏறினால், வந்திருப்பது யார், என்ன குறை என்று சனம் கும்பிட்டுக் கேட்கும். அம்மாவுக்குத் தெரிந்த அரைத் தூக்கம் அதுதான். அன்றிலிருந்து மூன்று நாள் வீட்டில் மீன் கிடையாது.

"தோணி நிறைய மீன், சட்டியில பூசணிக்காய். டொக்டரா சொன்னவர்?" என்றார் வாவியில் வலை வீசிவிட்டு வந்த அப்பா.

"சொன்னாத்தானா? சுத்தமாப் போகணும். நீங்க பேசாம தின்னுங்க."

டொக்டரின் அறையில் அம்மா மூலைக் கதிரையில் உட்கார்ந்தார். எனக்கு இன்னொரு பயம் இருந்தது. அந்த நாட்களில் எல்லா வீட்டிலும் வெளியில் சொல்லக்கூடாத ஏதாவது ஒன்று இருந்தது. மயக்கத்தில் அதை உளறிவிட்டால்?

"நீங்க முழுக்க முழிப்பாத்தான் இருப்பீங்க. சொல்ல விருப்பமில்லாததச் சொல்லத் தேவையில்ல," என்றார் டொக்டர். "உங்கட உள்மனசு ஒரு காவல்காரன். அண்டைக்கு வாயப் பூட்டிச்சு, நீங்க தப்பி வந்தீங்க. அதால இப்பவும் பூட்டுது. முன்னால நிக்கிறது பிள்ளைகள் எண்டு அதுக்கு இன்னும் ஆரும் சொல்லல்ல. அதத்தான் நாம சொல்லப் போறம்."

சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னார். மூச்சை எண்ணச் சொன்னார். இமைகள் கனத்து மூடின. கைகள் யாருடையவோ போல மடியில் கிடந்தன. ஆனால் வெளியே சைக்கிள் மணி அடிப்பது கேட்டது. டொக்டரின் குரல் மட்டும் மிகப் பக்கத்தில் இருந்தது. மைதானம் இல்லை, வகுப்பறை, சின்னப் பிள்ளைகள் என்று அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். தொண்டையில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

அப்போது கதிரை நகரும் சத்தம். என் காலடியில் அம்மாவின் குரல், நடுக்கத்தோடு: "தாயே, ஆரு வந்திருக்கிறீங்க? பேரச் சொல்லுங்க."

அதே கேள்வி. தொண்டை ஒரு கணம் இறுகியது. ஆனால் கேட்டது சிப்பாய் அல்ல, என் அம்மா. அதுவும் எனக்கே கைகூப்பிக்கொண்டு. சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் திறக்காமலே என் பெயரை முழுதாகச் சொன்னேன். "நான்தான்மா. வேற ஒருத்தரும் வரல்ல."

டொக்டர் உடனே அதைப் பிடித்துக்கொண்டார்: "பேர் என்ன?"

சொன்னேன். இன்னும் உரக்கக் கேட்டார். இன்னும் உரக்கச் சொன்னேன்.

கண் திறந்தபோது அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். "அப்ப ஒண்டும் வரல்லையா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டார்.

"உங்கட மகள்ட குரல் வந்திருக்கு. அது போதும்மா," என்றார் டொக்டர்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. இன்னும் நான்கு முறை போனேன். வீட்டிலும் மூச்சை எண்ணிப் பழகினேன். சில காலைகளில் தொண்டை பழையபடி அடைக்கும். பயப்படாமல் நின்றால் திறந்துவிடும்.

அதிகாரி வந்த நாளில் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். நாற்பது சோடிக் கண்கள், கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த அவருடையது இன்னொரு சோடி. தொண்டை இறுகப் பார்த்தது. ஒரு மூச்சு எடுத்தேன். "இருங்க பிள்ளைகள்," என்றேன். அவர்கள் உட்கார்ந்தார்கள். பின்னங்கள் பாடத்தைத் தொடங்கி, அரையை விளக்கி முடித்து, கால் பங்குக்கு வந்தபோது அதிகாரி கையை உயர்த்தினார்.

"டீச்சர், சத்தத்தக் கொஞ்சம் குறைங்க. பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் இங்கயே பாத்துக்கொண்டிருக்கிறாங்க."