பின்னால் கூப்பிட்டேன்

ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் 'அண்டர்கரண்ட்' என்ற சொல்லை வருஷாவருஷம் நடத்துகிறேன். மேலே தண்ணீர் சும்மா கிடக்கும், அடியில் காலை இழுக்கும், அது ஒரு பொருள். வெளியே சிரித்துப் பேசுவார்கள், உள்ளே வேறொன்று ஓடிக்கொண்டிருக்கும், அது இன்னொன்று. உதாரணத்துக்குத் தாமிரபரணியையே சொல்வேன். பெரிய அறிவாளி என்று நினைப்பு. இந்த வருஷம் அந்தப் பாடம் வந்தபோது ஆற்றைச் சொல்லாமலே தாண்டிவிட்டேன். என் வீட்டுக்குள் ஓடியது எனக்குத் தெரியவில்லையே!

அம்மா இறந்த அன்று, வந்தவர்கள் நடுவில் வைத்து அண்ணனிடம் சொல்லிவிட்டேன்: "ஒரு நாள் முந்தியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா அம்மா இருந்திருப்பா."

எனக்கு வாய் நீளம். அம்மாவை ஆறு வருஷம் குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்தவன் அவன். பக்கத்து வண்ணார்பேட்டையில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எட்டிப் பார்த்தவள் நான். அவன் கோபப்படவில்லை. "வந்தவங்களுக்குக் காப்பி குடுத்தாச்சா?" என்று கேட்டான். மறுநாளும் அப்படித்தான், எல்லோரிடமும் இதமாகப் பேசினான். பீரோச் சாவியை என்னிடம் கொடுத்து, "ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்றான். துக்கத்தைத் தாங்கிக்கொண்டான் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் சாம்பல் கரைக்க ஆற்றுக்குப் போனோம். கலயத்தோடு இறங்குகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. காரியம் முடிகிறவரை அவரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. எங்கள் சொந்தத்தில் யாரும் இதை மீறி நான் பார்த்ததில்லை. அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்று கலயத்தை விட்டான். மூன்று முறை முங்கினான். அத்தோடு கரையேற வேண்டும்.

ஏறவில்லை. இன்னும் உள்ளே நடந்தான்.

மணல் அள்ளி அள்ளிப் பள்ளமாகிப்போன இடம் அது. படித்துறையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனால் ஆள் மூழ்குகிற ஆழம், கசம் என்போம். மேலே அலைகூட இராது, அடியில் அப்படி ஒரு இழுப்பு. அந்த ஆற்றிலேயே நீந்தி வளர்ந்தவனுக்கு அது தெரியாதா? தண்ணீர் அவன் மார்புக்கு வந்தது. பக்கத்தில் நின்ற சித்தப்பாவின் கையைப் பிடித்தேன்.

"அண்ணன் உள்ள போவுதான் சித்தப்பா."

"இன்னொரு முங்கு போடுவான். ஏட்டி, சும்மா நில்லு."

நின்றேன். சாத்திரம் தெரிந்தவள் பாருங்கள், நின்றேன்! கூப்பிட்டால் அம்மாவுக்கு ஆகாது என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். தண்ணீர் தோளுக்கு ஏறியது. அவன் பீரோச் சாவியைத் தந்தது எதற்கென்று அப்போதுதான் உறைத்தது. அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். கால் இழுபட்டதா, அவனே விட்டுக்கொடுத்தானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம்.

"அண்ணே! வந்துரு! ஏ அண்ணே!"

"பின்னால கூப்பிடுதியே, பாதகத்தி!" என்று சித்தப்பா கத்தினார். அதற்குள் நான் சேலையோடு தண்ணீரில் இறங்கிவிட்டேன். அண்ணன் திரும்பிப் பார்த்தான். நான் தண்ணீரில் நிற்பதைப் பார்த்ததும் கையை வீசி வீசி, மூச்சு வாங்க, என்னிடம் வந்து சேர்ந்தான்.

கடைசிப் படியில் அவனை உட்காரவைத்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். சித்தப்பா மேலே நின்று ஏசிக்கொண்டே இருந்தார்.

"நான் சொன்னது தப்புண்ணே. முந்திப் போயிருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னு டாக்டரே சொன்னாரு" என்றேன்.

அவன் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தப்புன்னு எனக்கும் தெரியும்ட்டி. ஆனா நீ சொன்னது காதுல கேட்டுக்கிட்டே இருக்கே."