ஆணி அடிக்காத வீடு

நாங்கள் செஞ்சியில் வீடு வாங்கியது ஆடி மாதத்தில். ஆடியில் துடைப்பம் வாங்கக்கூட யோசிக்கிற ஊரில் வீட்டையே வாங்கி, அதே மாதத்தில், அதுவும் ராகு காலத்தில் குடிபோனோம். ராகு காலம் தவறிவிடக் கூடாது என்று என் வீட்டுக்காரர் தெருவில் நின்று கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல நேரம் பார்க்கிறவர்கள்கூட அத்தனை கறாராகப் பார்த்து நான் கண்டதில்லை. பால் காய்ச்சவில்லை. முதலில் உள்ளே போனது அவருடைய சைக்கிள்.

அவருக்குக் கடைத்தெருவில் சைக்கிள் கடை. வாடகைக்கு விடுவார், பஞ்சர் ஒட்டுவார், நசுங்கிய மட்கார்டைத் தட்டி நிமிர்த்துவார். இதற்கு நடுவில் சாமி கிடையாது, சகுனம் கிடையாது, சாத்திரம் கிடையாது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்குவார். பஞ்சர் ஒட்ட வந்தவன் பசை காய்கிறவரைக்கும் கேட்டுத்தான் ஆக வேண்டும். அறுபதுகளில் இப்படிப் பேசுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். எனக்கு வாய்த்தவர் அந்த நாலு பேரில் தொண்டை பெரியவர்.

சொந்த வீடு வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்தான். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் இரண்டு முறை உண்டானேன். இரண்டும் மூன்றாம் மாதத்தோடு போய்விட்டன. முதல் தடவை வாடகை வீட்டு அம்மாள் ரசம் வைத்துக் கொடுத்தாள். இரண்டாவது தடவை, ராசியில்லாதவளை வைத்துக்கொள்ள முடியாது, வீட்டைக் காலி பண்ணு என்றாள். அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், இனிமேல் உண்டானாலும் போனாலும் என் சுவருக்குள்தான் என்று.

வாங்கின வீடு பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது, தெருவில் நின்று பார்த்தால். உள்ளே போனால் கூடத்துக்கு மட்டும் பலகை மச்சு. மற்றதெல்லாம் நாட்டு ஓடு. கோட்டையிலிருந்து இறங்கி வருகிற குரங்குகள் வருஷக்கணக்காக அந்த ஓடுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்திருந்தன. குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. சமையலறை ஜன்னலுக்கு ஒரு கீல்தான். அடுப்பு மேடைக்குக் கீழே பெருச்சாளி வளை, என் முழங்கை நுழைகிற அளவுக்கு. ஆவணி பிறந்ததும் ஆசாரி வருவார், ஓடு மாற்றுகிறவன் வருவான், எல்லாவற்றையும் ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று இவர் சொன்னார்.

ஆவணியில் எனக்கு நாள் தள்ளிப்போனது. இவர் கூடத்தில் தலைவர் படம் மாட்ட முக்காலி போட்டு ஏறி நின்றுகொண்டிருந்தார். வாயில் ஒரு ஆணி, கையில் சுத்தியல். கீழே நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். அவர் வாயிலிருந்த ஆணியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். இறங்கினார். "அப்டியா" என்றார். சுத்தியலை முக்காலியின் மேல் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

அதோடு வீட்டு வேலை நின்றது. ஆசாரி எங்கே என்றால் மரம் இன்னும் காயவில்லை. ஓடு மாற்றுகிறவன் எங்கே என்றால் அவன் திண்டிவனம் போயிருக்கிறான். வளையையாவது அடைக்கக் கூடாதா என்றால், "அதுவும் ஒரு உயிர்தானே" என்றார். இவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அதற்கு முன் நான் கேட்டதில்லை. போன வாரம்தான் கடையில் எலிக்குப் பொறி வைத்துவிட்டு வந்திருந்தார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒழுகாத இடமாகப் பார்த்து இவர் கட்டிலை நகர்த்துவார். ஒழுக்கு அங்கேயும் வந்துவிடும், கூடத்துப் பலகை இடுக்கிலும்கூட. மறுபடி நகர்த்துவார். அந்த மழைக்காலத்தில் எங்கள் கட்டில் செஞ்சி–திண்டிவனம் பஸ்ஸைவிட அதிக தூரம் போயிருக்கும். பெருச்சாளி மட்டும் வசதியாக இருந்தது. எனக்கு முன்னால் அது குட்டி போட்டுவிட்டது.

நாலாம் மாதம் நல்லபடியாகத் தாண்டியதும் என் அம்மா வல்லத்திலிருந்து பையோடு வந்து இறங்கினாள். என்னைப் பஸ்ஸில் குலுக்கி அங்கே கூட்டிப்போகப் பயம்; அதனால் அவளே இங்கே வந்துவிட்டாள். வந்ததும் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். தாழ்ப்பாள் இல்லாத கதவு, ஒழுகுகிற ஓடு, சுவரில் சாத்தி வைத்த படம், அடைக்காத வளை எல்லாவற்றையும் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"மாப்ளே மாதிரி யாரு வருவாங்க! எல்லாம் தெரிஞ்சிதான் செய்றாரு."

"இன்னாத்த செய்றாரு? ஒண்ணுமே செய்யாம கெடக்குது வூடு."

"ஏண்டி, மாசமா இருக்கறவ வூட்ல ஆணி அடிப்பாங்களா? பொந்து அடைப்பாங்களா? வயித்துல இருக்கற புள்ளைக்கு ஆவுமா?"

அந்த நேரம் பார்த்து இவர் உள்ளே வந்தார். "அத்த, அதெல்லாம் மூடநம்பிக்க. மரம் காயல, அவ்ளோதான்" என்றார். அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். எனக்குச் சந்தேகம் வரத்தான் செய்தது. ஆனால் ராகு காலத்தில் சைக்கிளோடு குடிபுகுந்த மனுஷனைப் பற்றி அப்படி நினைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் குளித்துக்கொண்டிருந்தேன். ஏழாம் மாதத்தில் அதுவும் முடியவில்லை. ஒரு நாள் காலையில் ஆசாரி எங்கள் தெரு வழியாகப் போனார். போனார் என்று சொல்லக் கூடாது, எங்கள் வீட்டைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் ஒதுங்கி ஓடப் பார்த்தார். நான் விடவில்லை.

"இன்னா ஆசாரி, மரம் காஞ்சிதா இல்லியா?"

"மரம் எப்பவோ காஞ்சிடுச்சி எம்மா. நான் இன்னா பண்றது? ஒங்க வூட்டுக்காரருதான் கொழந்த பொறக்கற வரைக்கும் இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னுட்டாரு. ஓடு மாத்தறவன்கிட்டயும் சொல்லிட்டாரு. வெளிய சொல்லமாட்டேன்னு சத்தியம் வேற வாங்கிக்கினாரு."

"சத்தியமா? அவரா?"

"சூடம் கொளுத்தில்லம்மா. சும்மா கையில அடிச்சி."

அடப்பாவி மனுஷா! ஊருக்கெல்லாம் உபதேசம், பெண்டாட்டிக்கு மட்டும் ஈரக் கட்டில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே போய் சுத்தியலை எடுத்தேன். பழைய தாழ்ப்பாள் ஒன்று கிடந்தது, அதையும் எடுத்தேன். அம்மா "அடியே, வேணாண்டி" என்று பின்னாலேயே வந்தாள். குளியலறை நிலையில் தாழ்ப்பாளை வைத்து, ஆணியைப் பிடித்து, சுத்தியலை ஓங்கினேன்.

ஓங்கினது ஓங்கினபடி நின்றது. கை இறங்கவில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா இல்லையா என்று அதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. அப்படியே நிற்கையில் இவர் சாப்பாட்டுக்கு வந்தார். என் கையைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"வேணாம். கீழ வையி."

"ஏன், ஒங்களுக்குத்தான் இதெல்லாம் கெடையாதே."

"கெடையாதுதான்." சுத்தியலுக்குக் கை நீட்டினார். "ஒருவேள இருந்து தொலஞ்சிட்டா? ரெண்டு தரம் பாத்துட்டேன். இன்னொரு தரம் நீ அப்டி சொவுத்த பாத்துக்கினு படுத்திருக்கறத என்னால பாக்க முடியாது."

அந்த இரண்டு தடவையும் அவர் மறுநாளே கடையைத் திறந்தவர். எனக்கு மட்டும்தான் போனது என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வருகிறது என்று அவரிடம் சொன்னேன். சுத்தியலை அவர் வாங்கிக்கொண்டார்.

"கடப்பக்கம் யார்கிட்டயும் இத சொல்லிடாத" என்றார்.

சாயங்காலம் கடையிலிருந்து ஒரு மூட்டை பழைய சைக்கிள் டியூப் கொண்டுவந்தார். வார் வாராகக் கிழித்துக் குளியலறைக் கதவை உள்ளிருந்து இழுத்துக் கட்டுவதற்கு வழி செய்தார். ஜன்னலைக் கட்டினார். சமையலறைப் பலகையை டியூபிலேயே தொங்கவிட்டார். அதில் வைத்த பருப்பு டப்பா நாள் முழுக்க ஊஞ்சலாடியது. கட்டலாமா கூடாதா என்று அம்மா வெகுநேரம் யோசித்தாள். ஆணி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், டியூபைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று கடைசியில் ஒத்துக்கொண்டாள். அதன்பிறகு வீடு முழுக்க ரப்பர் வாசனைதான்.

சித்திரை வெயிலில், ஆஸ்பத்திரியில், பெண் பிறந்தாள். சித்திரையில் பிள்ளை பிறந்தால் ஆகாது என்று அம்மா வாயைத் திறக்கப் போனாள். இவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் குழந்தைக்குத் தூளி கட்ட வேண்டும் என்று பேச்சு வந்தது. கூடத்து விட்டத்தில் பலகை அடைத்திருந்ததால் சேலையைச் சுற்றிக் கட்ட வழியில்லை. கொக்கி அடித்தால்தான் ஆகும்.

இவர் முக்காலி போட்டு ஏறினார். குழந்தை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. கொக்கியை விட்டத்தில் வைத்தார், என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், ஓங்கி ஒரு அடி அடித்தார். மச்சிலிருந்து இத்தனை நாள் சேர்ந்த தூசி அத்தனையும் அவர் தலையில் கொட்டியது. குழந்தைக்குத் தூக்கிவாரிப்போட்டது; வீறிட்டு அழ ஆரம்பித்தது. சின்ன அழுகை இல்லை, எதிர்வீட்டுக்காரி வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு அழுகை.

இவர் சுத்தியலைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். தலையெல்லாம் வெள்ளையாக இருந்தது.

"அழுவுதே. நிறுத்திடட்டுமா?"

ஏழு வருஷமாக என் வீட்டில் நான் கேட்க நினைத்த சத்தம் அது. எனக்குப் போதவில்லை.

"அழுவட்டும். நீங்க அடிங்க."