கடிக்கிற மரம்

மான்மவுத் ஜங்ஷன் என்ற அமெரிக்க ஊரில், எங்கள் வீட்டில் அக்டோபர் வந்தால் சமையலறைக்கு விளக்கே வேண்டாம். பின்பக்கம் நின்ற மேப்பிள் மரம் மஞ்சளாகி, அந்த வெளிச்சம் ஜன்னல் வழியே வந்து தோசைக்கல், பால் டம்ளர், என் கை எல்லாவற்றிலும் படிந்துவிடும். பாதித் தூக்கத்தில் நடமாடுவது போலவே அந்த மாதம் கழியும்.

ஆனாலும் மரத்தை வெட்டியே தீர வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அது கூரைப் பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு பனிப்புயல் அடித்தால் போதும், மகளின் அறைமேல்தான் விழும். நான் கோயம்புத்தூர், கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், டாக்டர். நான் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற மனுஷர், மரம் என்றால் மட்டும் "பாப்பம்" என்பார். வருஷக்கணக்கில் பாப்பம்தான். பொறுமை போய், மரம் வெட்டுகிறவரை நானே சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் மகளுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட்: பழங்காலப் போரில் எதிரியை எப்படிப் பயமுறுத்தினார்கள். வரலாற்றில் எம்.ஏ. படித்துவிட்டு டேகேரில் டயபர் மாற்றிக்கொண்டிருந்த எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ரோமாபுரியை மற்ற பிள்ளைகள் எழுதட்டும், நீ நம் ராஜாக்களை எழுது என்று ஆரம்பித்தேன். விடியுமுன் சிறு கூட்டமாகப் புகுந்து மாடுகளை ஓட்டிப்போவார்கள். ஊருக்குத் தீ வைப்பார்கள். குடிக்கிற குளத்தில் யானைகளை இறக்கிக் கலக்குவார்கள். தோற்றவன் மண்ணைக் கழுதை பூட்டி உழுவார்கள். எல்லாவற்றுக்கும் மேல் கடிமரம். அரசன் காவல் போட்டுக் காக்கிற மரம் அது. அதை வெட்டிச் சாய்த்தால் ஊரே நடுங்கிப்போகும்.

"கடிமரமா? இட் பைட்ஸ்?" என்றாள் மகள்.

"கடின்னா காவல்டி. பல்லால கடிக்கிறது இல்ல."

அவள் எங்கே கேட்டாள்? வாய் நிறையப் பல்லோடு ஒரு மரம் வரைந்தாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். சோபாவில் இருந்த கணவர் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போனார்.

சனிக்கிழமை அந்த ஆள் ரம்பத்தோடு வந்தார். மோட்டார் உறுமியதும் கணவர் வீட்டுச் செருப்போடு ஓடிவந்து மரத்துக்கு முன்னால் நின்றார். மஞ்சள் இலைகள் அவர் தோளில் மெல்ல மெல்ல விழுந்தன. ரம்பம் அடங்கியது.

"என்னங்க இது? அந்த ஆள் பாக்கறார், மானம் போகுது."

"சண்டை நேரம் எங்கட வீட்டு வளவு மாமரத்தைத்தான் முதல்ல தறிச்சவங்கள். பங்கருக்கு, பதுங்குகுழிக்கு எண்டு சொன்னவங்கள். பிறகு வீடும் இல்லை, சனமும் இல்லை. நீர் ராசாக்கள் எண்டு சந்தோஷமாச் சொல்லிக்குடுக்கிறீர். நான் அதைக் கண்ணால கண்டனான்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் இதைச் சொன்னதே இல்லை.

மகள் என் பின்னாலிருந்து கேட்டாள். "அப்பா, யுவர் ட்ரீ... டிட் இட் பைட் தெம்?"

அவர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"இல்லை குஞ்சு. அது ஒருத்தரையும் கடிக்கேல்ல."

ரம்பக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தேன். அன்று மத்தியானமே மூன்று பேரும் சேர்ந்து மகளின் கட்டிலை வீட்டின் மறுபக்க அறைக்கு இழுத்துக்கொண்டு போனோம்.