வீல்சேர் போட்டுக் கொடுத்த தானியேல்

பத்தொன்பது ஆண்டுகளாக ஆம்பூர்க்காரர்களை விமானம் ஏற்றி அனுப்பிக்கொண்டிருக்கும் தானியேல், தாமே ஒரு விமானத்தில் ஏறியது ஐம்பத்தோராவது வயதில். மகளின் திருமணத்துக்குப் போவதற்காக.

உமர் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையை ஒட்டி அவருடைய டிக்கெட் கடை இருக்கிறது. வாசலில் படி கிடையாது, சிமெண்ட் சரிவு. இரண்டு வயதில் வந்த போலியோ இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டது. வீட்டுக்குள் ஊன்றுகோல் வைத்துப் பத்தடி நடப்பார். வெளியே மூன்று சக்கர ஸ்கூட்டர். அது சரிவில் ஏறி மேசைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பி.காம். முடித்த கையோடு ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் சேர்ந்தார். முதலாளிகளுக்கும் டிசைனர்களுக்கும் இத்தாலி, ஹாங்காங் கண்காட்சிகளுக்கு டிக்கெட் போடுவது அங்கே அவர் வேலை. பிறகு அதையே தனிக் கடையாக்கிக்கொண்டார்.

டிக்கெட் எங்கும் கிடைக்கும். தானியேலிடம் ஆட்கள் வந்தது வேறொன்றுக்காக. இமிக்ரேஷன் வரிசையில் நிற்காமல் தப்புவது எப்படி என்று அவருக்குத் தெரியும். எந்த விமான நிலையத்தில் விடியற்காலையில் ஐந்தாறு பெரிய விமானங்கள் ஒன்றாக இறங்குகின்றன, எந்த நேரத்தில் கூடம் காலியாகக் கிடக்கிறது என்றெல்லாம் திரும்பி வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு மனத்தில் வைத்திருந்தார். முன்பக்கத்தில் நடைபாதையோர இருக்கையாகப் பார்த்துப் போடுவார். இறங்கியதும் கழிவறைக்குப் போகாதே, அதை விமானத்திலேயே முடித்துக்கொள் என்பார். அடிக்கடி பறக்கிறவர்களைச் சென்னையில் இயந்திரக் கதவு வழியாகப் போகும் விரைவு வரிசைத் திட்டத்தில் பதிவு செய்ய வைப்பார்.

ஒருமுறை ஒரு தோல் வியாபாரி வந்து உட்கார்ந்து, "ரெண்டு மணி நேரம் நின்னேன் தானி, காலே போச்சு" என்று புலம்பினார்.

"காலு போச்சுன்னு என்கிட்டயே வந்து சொல்றீங்களே பாய்" என்றார் தானியேல். வியாபாரி சிரித்துவிட்டு அடுத்த டிக்கெட்டுக்கும் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

கடந்த பத்தாண்டுகளில் வாடிக்கையாளர்கள் மாறினார்கள். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தவர்கள், தோல் பதனிடும் ஆலையில் வேலை செய்தவர்கள் ஆகியோரின் பிள்ளைகள் நர்ஸாகவும் இன்ஜினியராகவும் வெளிநாடு போனார்கள். போன பிள்ளைகள் அப்பா அம்மாவைக் கூப்பிட்டார்கள். இவர்களுக்கு வரிசையில் நிற்பது பயமில்லை. அறிவிப்புப் பலகையைப் படிக்கவும் அதிகாரி கேட்பதற்குப் பதில் சொல்லவும்தான் பயம். காவேரிப்பாக்கத்துக்காரர் ஒருவர் கனடாவுக்குப் போகிற வழியில் வேறொரு வாயிலில் போய் உட்கார்ந்து, விமானத்தைத் தவறவிட்டு, ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தார். அதற்குப் பிறகு தானியேல் எல்லாப் பெற்றோருக்கும் வீல்சேர் போட ஆரம்பித்தார்.

வீல்சேர் கேட்டால் தனிக் கட்டணம் இல்லை. தள்ளிக்கொண்டு போக ஓர் ஆள் வருவார். நீண்ட வரிசையைத் தாண்டிப் பக்கவாட்டு வழியாக அதிகாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். அங்கிருந்து பிள்ளை கையில் ஒப்படைப்பார். ஒரு சொல் ஆங்கிலம் வேண்டாம். ஊரில் பேச்சு பரவியது. "தானி, அம்மாவுக்கு வீல்சேர் போட்டுடு" என்று கேட்டுக்கொண்டே கடைக்குள் நுழைந்தார்கள். நன்றாக நடக்கிறவர்களுக்குத் தானியேல் ஒரு புத்திமதியும் சொல்லி அனுப்புவார்: புள்ளைய பாக்கற வரைக்கும் எழுந்துக்காதீங்க, எழுந்து நடந்தா கேள்வி கேப்பாங்க.

மனைவி அமிர்தவள்ளி மட்டும் ஒருநாள் கேட்டார். "கால் நல்லா கீறவங்களுக்கெல்லாம் வீல்சேர் போடறீங்களே, உங்களுக்கு உறுத்தலயா?"

"நான் இன்னா என்னோடத எடுத்தா குடுக்கறேன்?" என்றார் தானியேல். "அங்க நூத்துக்கணக்குல கீது."

மகள் கிறிஸ்டினா ஜெர்மனியில் நர்ஸ். உடன் வேலை செய்யும் வாணியம்பாடிப் பையனைத் திருமணம் செய்துகொள்வதாக முடிவானது. அங்கேயே ஒரு சிறிய தேவாலயத்தில், சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு. அமிர்தவள்ளிக்கு விசா சீக்கிரம் கிடைத்து அவர் ஒரு மாதம் முன்பே போய்விட்டார். தானியேலிடம் கூடுதலாக மருத்துவச் சான்று கேட்டார்கள். அது போய், பாஸ்போர்ட் திரும்பி வந்தபோது வியாழக்கிழமை மாலை.

அந்த நேரத்துக்கு மிச்சமிருந்தது ஒரே வழி. சனிக்கிழமை காலை ஜெர்மனியின் ஒரு பெரிய விமான நிலையத்தில் இறங்கி, இமிக்ரேஷன் முடித்து, ஒன்றரை மணி நேரத்துக்குள் மகள் இருக்கும் ஊருக்கு வேறு விமானம் பிடிக்க வேண்டும். அதை விட்டால் அடுத்தது மாலையில்தான். கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புது முறை வந்ததிலிருந்து அங்கே வரிசை நீண்டுவிட்டது அவருக்குத் தெரியும். எந்த வாடிக்கையாளருக்கும் இப்படியொரு டிக்கெட்டை அவர் போட்டிருக்க மாட்டார். தமக்குப் போட்டுக்கொண்டார். வீல்சேர் என்ற இடத்தில், இருக்கை வரை தூக்கிக்கொண்டு போக வேண்டியவர் என்ற குறியைப் போட்டார். நேராகத் தேவாலயத்துக்கே போக நேரலாம் என்று கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டே கிளம்பினார்.

சென்னையில் வீல்சேர்கள் வரிசையாக நின்ற இடத்தில் பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னா தம்பி, மாப்ள மாதிரி கீற?"

சம்பூர்ணம். ஷூ கம்பெனியில் முப்பது ஆண்டுகள் இருந்து, லைன் சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர். மகன் செல்வகுமார் ஜெர்மனியில் இன்ஜினியர். ஆறு வாரங்களுக்கு முன்னால் இவருக்கு டிக்கெட்டும் வீல்சேரும் போட்டது தானியேல்தான்.

"பொண்ணுக்குக் கல்யாணம்க்கா."

"நல்லாருக்கட்டும். ஆனா உன் பக்கத்துல இதுல உக்காரவே வெக்கமா கீது. காலைல கூட டேங்க்ல ஏறி கழுவி வுட்டுட்டு வந்தேன்."

"மெதுவா பேசுங்கக்கா" என்றார் தானியேல்.

இமிக்ரேஷன் கூடத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் நின்றுகொண்டிருக்க, இவர்களுடைய நாற்காலிகள் ஓரமாக உருண்டு போயின. சம்பூர்ணம் முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டார். தானியேல் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே போனார். இத்தனை காலம் காதால் கேட்டது கண்ணெதிரே இருந்தது.

விமானம் சரியான நேரத்தில் இறங்கியது. ஆனால் தானியேலுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. தூக்கிக்கொண்டு போக வேண்டியவர்களை எல்லோரும் இறங்கிய பிறகுதான் இறக்குவார்கள். யாரும் அவரிடம் வந்து சொன்னதில்லை. அப்படிப்பட்டவர் ஒருவரைக்கூட அவர் அனுப்பியதில்லை. இருக்கையில் காத்திருந்த அரை மணி நேரம், ஒவ்வொரு வரிசையாகக் காலியாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் இரண்டு பேர் வந்து, இருக்கைகளுக்கு நடுவே நுழையக்கூடிய ஒடுக்கமான நாற்காலியில் அவரைக் கட்டி வெளியே தள்ளி வந்தார்கள்.

விமானக் கதவுக்கு வெளியே அவருக்கான வீல்சேர் இல்லை. வந்தவை எல்லாம் முன்னால் இறங்கியவர்களோடு போய்விட்டன. கேட்டவர்கள் இவ்வளவு பேர் என்றால் எப்படி என்று ஒரு பணிப்பெண் கைபேசியில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வர நாற்பது நிமிடமாவது ஆகும். ஒடுக்கமான நாற்காலியை விமானத்துக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதால் தானியேலை அங்கிருந்த ஓர் இரும்பு இருக்கையில் மாற்றி உட்கார வைத்தார்கள்.

எதிரே, முறைக்காகக் காத்திருந்த கடைசி வீல்சேர் ஒன்று மட்டும் நின்றது. அதில் சம்பூர்ணம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உயரமான ஒரு பணியாளர் அவருடைய சீட்டைச் சரிபார்த்துவிட்டுத் தள்ளுவதற்குத் தயாராக நின்றார்.

தானியேல் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த வீல்சேர் போய்விட்டால் விமானமும் போய்விடும்.

"யக்கா, கொஞ்சம் எழுந்துக்கறீங்களா?"

"நீதான எழுந்துக்கக் கூடாதுன்ன?"

"நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன். எழுந்துக்கங்க."

"புடிச்சுக்கினு போய்ட்டாங்கன்னா?"

"மாட்டாங்க. கல்யாணம் ரெண்டு மணிக்குக்கா. இந்த ஃப்ளைட்ட விட்டா நான் சாயங்காலந்தான் போய்ச் சேருவேன்."

சம்பூர்ணம் பணியாளரைப் பார்த்தார், தானியேலின் கால்களைப் பார்த்தார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். "சரி. ஆனா என்ன இங்க வுட்டுட்டுப் போய்டாத. எனக்கு இங்கிலீஷ் ஒண்ணும் படிக்கத் தெரியாது."

தானியேல் ஆங்கிலத்தில் பணியாளரிடம் பேசினார். இந்த அம்மாவால் நடக்க முடியும், பாஷைதான் தெரியாது, என்னோடு நடந்து வருவார் என்றார். பணியாளர் எழுந்து நின்றவரை மேலும் கீழும் பார்த்தார். தானியேலைத் தூக்கி நாற்காலியில் வைத்தார். நீளமான நடைகூடங்களில் அவர் வேகமாகத் தள்ள, சம்பூர்ணம் நாற்காலியின் கைப்பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவருக்கு ஈடுகொடுத்து நடந்தார்.

வழியில் பணியாளர் சொன்னார்: தினமும் பார்க்கிறேன், வீல்சேரில் வருபவர்களில் பாதிப் பேர் கடையைப் பார்த்ததும் எழுந்து ஓடுகிறார்கள். இவர்களுக்கு யார் இப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்களோ தெரியவில்லை.

"இன்னா சொல்றாரு?" என்றார் சம்பூர்ணம்.

"ஒண்ணுமில்லக்கா. கூட்டம் ஜாஸ்தியாம்."

கூட்டம் நிஜமாகவே அதிகம். வளைந்து வளைந்து கூடத்தின் வாசல் வரை நின்றது. பக்கவாட்டு வழியில் மூன்று நாற்காலிகள் முன்னால் இருந்தன. மூன்றாவதில் இருந்தவருக்குக் கைரேகை பதியாமல் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். பிறகு தானியேலின் முறை, சுருக்கமாக முடிந்தது. அடுத்து சம்பூர்ணம். அதிகாரி கேட்டதைத் தானியேல் தமிழில் சொன்னார்.

"எவ்ளோ நாள் இருப்பீங்கன்னு கேக்கறாரு."

"மருமக எவ்ளோ நாள் வச்சுக்கறாளோ அவ்ளோ நாள்னு சொல்லு."

"மூன்று வாரம்" என்று தானியேல் ஆங்கிலத்தில் சொல்லி, திரும்பும் டிக்கெட்டைக் காட்டினார். முத்திரைக்குப் பதிலாக ஒரு தலையசைப்பு. இருவரும் கண்ணாடித் தடுப்பைத் தாண்டினார்கள்.

அங்கே வழி இரண்டாகப் பிரிந்தது. பெட்டியும் வெளிவாசலும் ஒரு பக்கம், அடுத்த விமானங்கள் இன்னொரு பக்கம். இருப்பவர் ஒரே பணியாளர். தானியேலின் விமானத்தில் ஏற அழைத்துவிட்டார்கள் என்பது திரையில் தெரிந்தது. வெளிவாசல் வரை போய்த் திரும்பினால் நேரம் போதாது. சம்பூர்ணத்தை அவர் அங்கே விட மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் அழைத்து வந்திருந்தார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் சம்பூர்ணமே கேட்டார். "இங்கேர்ந்து நேரா தான?"

"நேராதான். பொட்டி வரும், எடுத்துக்கினு கதவைத் தாண்டினா செல்வகுமார் நிப்பாரு. நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"அப்ப நீ கெளம்பு. முப்பது வருஷம் ஒரு லைனையே பாத்துக்கினேன், ஒரு பொட்டிய பாத்துக்க மாட்டனா?" இரண்டடி போய்த் திரும்பினார். "பொண்ணு கழுத்துல தாலி போடறத போட்டோ எடுத்து அனுப்பு."

தானியேல் செல்வகுமாருக்குப் போன் செய்தார். அவர் வாசலில்தான் நின்றிருந்தார். பணியாளர் ஓடாத குறையாகத் தள்ளினார். வாயிலில் கடைசி ஆளாகத் தானியேலை ஏற்றிக்கொண்டார்கள்.

தேவாலயத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது ஒன்றேகால் ஆகியிருந்தது. "இஸ்திரி போட்ட கோட்ட ஃப்ளைட்லயா போட்டுக்கினு வர்றது?" என்று அமிர்தவள்ளி தோள்பட்டைச் சுருக்கங்களைக் கையால் நீவிவிட்டார். இரண்டு மணிக்குக் கிறிஸ்டினா அவர் பக்கத்தில் வந்து நின்றாள். பீடம் வரை இருந்த தூரத்தைத் தானியேல் ஊன்றுகோலில் நடந்தார். நடுவில் ஒருமுறை நின்றார். கிறிஸ்டினாவும் நின்றாள். செல்வகுமார் வீட்டுச் சமையலறையிலிருந்து சம்பூர்ணம் அனுப்பிய குரல்செய்தி ஏற்கெனவே அவருடைய போனில் இருந்தது: பெட்டி வந்துவிட்டது, சக்கரம் ஒன்று உடைந்திருக்கிறது, காப்பி நன்றாக இல்லை.

ஆம்பூர் திரும்பியதிலிருந்து தானியேல் எல்லோரிடமும் முதலில் ஒன்று கேட்கிறார்: நடக்க முடியுமா? முடியும் என்றால் வீல்சேர் போடுவதில்லை. கூட வந்து வழிகாட்டுவதற்கு மட்டும் ஆள் கேட்கும் வசதி சில விமானங்களில் உண்டு. அதற்கு மின்னஞ்சல் எழுதி, போன் செய்து, பதிலுக்காகக் காத்திருக்க வேண்டும். சிலர் முடியாது என்கிறார்கள். அப்போது அதே விமானத்தில் போகிற, ஆங்கிலம் தெரிந்த வேறொரு வாடிக்கையாளரைத் தேடி இரண்டு குடும்பங்களையும் கடைக்கு வரவழைத்து அறிமுகப்படுத்துகிறார். பேஜார் பிடித்த வேலை. இரண்டு டிக்கெட் போடும் நேரத்தில் ஒன்றுதான் போட முடிகிறது. சில வாடிக்கையாளர்கள் எதிரே இருக்கும் இன்னொரு டிக்கெட் கடைக்குப் போய்விட்டார்கள்.

போன வாரம் ஹலீமா பீ வந்தார். மகன் டொரான்டோவில் இருக்கிறான்.

"எல்லாருக்கும் வீல்சேர் போட்டீங்க, எனக்கு மட்டும் இன்னா?"

"தெனம் மார்க்கெட்டுக்கு நடந்துதானம்மா போறீங்க? நானே பாக்கறேன்."

"அது மார்க்கெட். இது ஃபாரின்."

"கூட ஒரு ஆள் வர்ற மாதிரி கேட்டுப் பாக்கறேன். ரெண்டு நாள் டைம் குடுங்க. கெடைக்கலன்னா, அதே ஃப்ளைட்ல பேர்ணாம்பட்டுப் பையன் ஒருத்தன் போறான், அவன்கிட்ட சொல்றேன்."

"ரெண்டு நாள்ல ரேட் ஏறிடுமே" என்றார் ஹலீமா பீ. மேசை மேல் வைத்த பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டார். கோபமெல்லாம் இல்லை, சுவரில் மாட்டியிருந்த கிறிஸ்டினாவின் கல்யாண போட்டோவைப் பார்த்து, பொண்ணு அழகாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

எதிர்க் கடையில் அன்றைக்கே அவருக்கு டிக்கெட்டும் வீல்சேரும் உறுதியாகிவிட்டன. வருகிற பன்னிரண்டாம் தேதி கிளம்புகிறார்.