ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு

சண்முகவடிவு டீச்சருக்குச் சமையல் பிடிக்காது. மனையியலில் எம்.எஸ்சி. படித்த ஒருவரைப் பற்றி இப்படிச் சொன்னால் ஊர் நம்பாது. ஸ்டாஃப் ரூமில் பதினோரு வருஷமாக அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பதிவியல் வாத்தியார் வேம்பு சொல்கிறேன், நம்பலாம். மேற்கு மாம்பலத்தில் அவர் வீட்டுச் சமையல், கணவர் அய்யாதுரையுடையது. தி.நகர் ஜவுளிக்கடையில் அவருக்குப் பத்து மணிக்குத்தான் வேலை. குழம்பும் கூட்டும் வைத்து, டீச்சருக்கு டப்பாவும் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். டீச்சர் மத்தியானம் அதைத் திறந்து, "இன்னைக்கும் கத்திரிக்காயா? இந்த மனுசனுக்கு வேற காயே தெரியாது" என்று அலுத்துக்கொண்டு ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிடுவார். என் மனைவி கட்டிக்கொடுத்த டப்பாவை வைத்துக்கொண்டு நானும் அதையேதான் செய்கிறேன் என்பதால் எனக்கு அதில் தப்பு தெரிந்ததில்லை.

ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் எங்கள் பள்ளியில் மனையியல் பிரிவை மூடி ஆறு வருஷம் ஆகிறது. அந்த அறையில் இப்போது ரோபோ செய்கிறார்கள். அதாவது, ரோபோ என்று பெயர் வைத்த ஒன்று மேசையிலிருந்து கீழே விழுகிறது. டீச்சரை அனுப்ப மனம் வராத தாளாளர் வேதாந்தம், ப்ளஸ் ஒன்னுக்கு வாரம் இரண்டு பீரியட் 'வாழ்க்கைத் திறன்' என்று ஒதுக்கி, வருஷா வருஷம் ஒப்பந்தம் போட்டு அவரை வைத்திருந்தார். அந்தப் பீரியடைக் கடன் வாங்காத வாத்தியார் பள்ளியில் கிடையாது. நானும் வாங்கியிருக்கிறேன், திருப்பிக் கொடுத்ததில்லை.

மிச்சம் கிடைத்த பீரியட்களில் கேஸ் சிலிண்டர் மாட்டுவது, ஃப்யூஸ் போடுவது, பட்டன் தைப்பது எல்லாம் சொல்லிக் கொடுத்தார். "ஒரு பட்டன் தைக்கிறதுக்காக ஒருத்தியைக் கட்டிக்கிட்டு வரணுமாடே?" என்று அவர் கேட்டால் பையன்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு மறுபடியும் ஊசியில் நூல் கோக்கத் திணறுவார்கள்.

ஜனவரியில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். ஒரு வாரம், தினம் ஒரு வேளை, வீட்டில் எல்லோருக்கும் சமைக்க வேண்டும். படம் எடுத்து அனுப்பிவிட்டு, செய்முறையை நோட்டில் எழுத வேண்டும். மொத்தம் ஐம்பது மார்க். முப்பத்துநாலு நோட்டும் வந்து சேர்ந்தன. மத்தியானம் அவற்றைப் படித்துக்கொண்டே சாப்பிட்ட டீச்சருக்கு ரசம் புரையேறிவிட்டது. தலையைத் தட்டிக்கொண்டே ஒரு நோட்டை என் பக்கம் தள்ளினார்.

என் வகுப்புப் பையன் பிரணவின் நோட்டு அது. அடை. பருப்பெல்லாம் 'கண் திட்டமாக' எடுத்து ஊற வைத்திருந்தான். கடைசி வரி இது: 'உருளைக்கிழங்கு சேர்க்கவில்லை. என் மாமியாருக்கு வாயு.'

பிரணவுக்குப் பதினாறு வயது. அவன் அம்மா சொல்லச் சொல்ல, காதில் ஹெட்ஃபோனோடு எழுதியிருக்கிறான். சொன்னதை யோசிக்காமல் எழுதுவது, பத்து வருஷமாக நாங்கள் பாடுபட்டு அவனுக்குக் கொடுத்த பயிற்சி. மற்றவர்கள் அவ்வளவு நேர்மையானவர்கள் இல்லை. ஆனால் படங்களில் பளபளவென்று தேய்த்து வைத்த எவர்சில்வர் பாத்திரங்களில் கரண்டியோடு நிற்கும் அம்மாக்கள் தெரிந்தார்கள்.

மறுநாள் டீச்சர் மார்க் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். பிரணவ், பூஜ்யம். அவனுக்கு நேரே, ஸ்ரீரஞ்சனி, அம்மா, நாற்பத்தெட்டு. இப்படி முப்பத்திரண்டு அம்மாக்கள். பார்சலைத் தட்டில் கவிழ்த்துப் படம் எடுத்த மகேஷுக்கு நேரே 'ஓட்டல் மாஸ்டர், நாற்பது' என்று இருந்தது. உப்புமாவை உண்மையாகவே தீய்த்த கீர்த்திக்கு அவள் பெயரிலேயே முப்பத்தாறு.

"வேண்டாம் டீச்சர், வம்பு வரும்" என்றேன்.

"சமைச்சவங்களுக்கு மார்க் போட்டா என்ன சார் வம்பு? உங்க டப்பாவுக்கு யாருக்கு மார்க் போடணும்?"

நான் என் டப்பாவைப் பைக்குள் தள்ளினேன்.

வம்பு இரண்டு பக்கப் புகார்க் கடிதமாக வந்தது. எழுதியவர் பிரணவின் அம்மா ஸ்ரீரஞ்சனி. மயிலாப்பூரில் பெரிய குடும்பம், தாளாளருக்கு வேண்டியவர்கள். வேதாந்தம் டீச்சரைக் கூப்பிட்டு, அந்தம்மா நேரில் வந்து புகாரை வாபஸ் வாங்கினால்தான் ஜூன் மாத ஒப்பந்தம், இல்லாவிட்டால் மன்னிக்கணும் என்றார். டீச்சருக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த ஊரில் மனையியலுக்கு இனி எவன் வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறான்? அன்று அவர் டப்பாவைத் திறக்கவில்லை. கடன் வாங்கிய பீரியட்களெல்லாம் ஞாபகம் வந்து எனக்கு வெட்கமாக இருந்தது.

மூன்று மணிக்கு ஸ்ரீரஞ்சனி வந்தார். வகுப்பாசிரியன் என்பதால் தாளாளர் அறையில் நானும் இருந்தேன்.

"எம்பேரைக் கொண்டுபோய் போர்டுல ஒட்டிருக்கேளே, பார்க்கறவா என்ன நினைச்சுப்பா?"

"நாப்பத்தெட்டு வாங்கியிருக்கீங்கன்னு நினைப்பாங்க" என்றார் டீச்சர். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"ரெண்டு மார்க் எதுல போச்சு?"

"அளவு எழுதலை. எல்லாம் கண் திட்டம்னு இருக்கு."

"இருபது வருஷமா பண்றேன், கண் திட்டம்தான் அளவு. யாரும் ஒரு குறை சொன்னதில்லை." கொஞ்சம் நிறுத்தினார். "நன்னாருக்குன்னும் சொன்னதில்லை."

டீச்சர் பட்டியலையும் சிவப்புப் பேனாவையும் அவர் முன்னால் வைத்தார். "என் கையால பொய் எழுத வரலைம்மா. நீங்களே உங்க பேரை அடிச்சுட்டு, தம்பி பேருல நாப்பத்தெட்டுன்னு எழுதிருங்க. நான் கையெழுத்துப் போடுதேன்."

ஸ்ரீரஞ்சனி பேனாவை எடுத்தார். தன் பெயர் இருந்த வரியில் முனையை வைத்தார். அடிக்கவில்லை.

"பி.எஸ்சி. மேத்ஸுக்கு அப்புறம் எம்பேருக்கு நேரே இப்போதான் மார்க் பார்க்கறேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

பட்டியலை டீச்சர் பக்கமே தள்ளிவிட்டு, புகார்க் கடிதத்தைக் கேட்டு வாங்கி, குறுக்கே ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

வேதாந்தத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்போ பையனுக்கு மார்க்கும்மா?"

"அவன் எங்கே பண்ணினான் சார்?" என்றார் ஸ்ரீரஞ்சனி. "நான்னா பண்ணினேன்."