டிவிடியில் ஏறாத மூன்று காட்சிகள்

அக்காவின் வீட்டுக்காரர் இறந்து ஓராண்டு நிறையப் பத்து நாள் இருந்தபோது, ஐயம்பேட்டையிலிருந்து அக்கா போன் செய்தாள்.

"தலைதிவசத்துக்கு எல்லாரும் வராங்கடா. அவரு பேசனது உங்கிட்ட இருக்குதுன்னியே, டிவில போடற மாதிரி டிவிடில ஏத்திக் குடுடா. போன்ல பாத்தா எனக்குக் கண்ணு தெரியல. அவரு குரலக் கேட்டா போதும்."

மாமா இருக்கும் காட்சிகள் என்னிடம் மூன்றே மூன்று. ஒன்றில் தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டிக்கொண்டிருக்கிறார், முதுகுதான் தெரியும். இன்னொன்று பங்குனித் திருவிழா. மேளச் சத்தத்தில் வேறெதுவும் கேட்காது. மூன்றாவதை என் பழைய பட்டன் போனில் எடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, என்னைப் பார்த்து நான்கு நிமிடம் போலப் பேசுகிறார். அவர் குரல் இருந்தது அதில் மட்டும்தான்.

நாள் குறிக்காமல் எதையும் வைக்கும் வழக்கம் எனக்கு இல்லை. கருவி தரும் எண்களை நீக்கிவிட்டு, தமிழ் ஆண்டு, மாதம், தேதி, திதி, நட்சத்திரம் என்று தமிழிலேயே கோப்புக்குப் பெயரிடுவேன். அந்தப் போன் காட்சி 'விக்ருதி பங்குனி' என்று தொடங்கும்.

டிவிடி எழுதும் மென்பொருள் மூன்றையும் ஏற்க மறுத்தது. கோப்பின் வகை சரியில்லை என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. இரண்டு நாள் இணையத்தில் படித்துவிட்டு, மூன்றுக்கும் வகைதான் கோளாறு என்று முடிவு கட்டினேன். முதலில் போன் காட்சியை இலவச மென்பொருள் ஒன்றில் போட்டு வேறு வகைக்கு மாற்றினேன். படம் நன்றாக வந்தது. மாமாவின் உதடுகள் அசைந்தன. என் கணினிக்கு ஸ்பீக்கர் கிடையாது.

ஒரே தேதியில் இரண்டு கோப்புகள் இருந்தால் பின்னால் எது அசல் என்ற குழப்பம் வரும். எனவே பழையதை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டு, அதன் பெயரையே புதியதற்கு வைத்தேன். டிவிடி மென்பொருள் அதையும் மறுத்தது.

மறுநாள் காலை, கல்யாண வீடியோ எடுக்கும் கடைக்காரரிடம் மூன்றையும் எடுத்துப் போனேன்.

"இன்னா சார், ஃபைலுக்கு ஜாதகம் எழுதி வெச்சிக்கீறீங்க?" என்று சிரித்தார். மூன்றின் பெயரையும் ஆங்கிலத்தில் மாற்றினார். மூன்றும் உடனே ஏறின. "அவ்ளோதான். இந்தப் பழைய சாஃப்ட்வேருக்குத் தமிழ் எழுத்து தெரியாது சார். ஃபைல்ல ஒரு கோளாறும் இல்ல."

பிறகு ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார். மூன்றாவதில் ஒலியே இல்லை.

"மாத்தனீங்களா? பழைய போன் ஆடியோவ சில கன்வர்ட்டர் விட்டுடும் சார். ஒரிஜினல குடுங்க, நான் ஏத்தித் தரேன்."

"அழிச்சிட்டேன்."

அதற்குமேல் அவர் சிரிக்கவில்லை. என் கணினியையே கொண்டுவரச் சொல்லி, மதியம் முழுக்க அழிந்ததைத் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. அந்தப் போனையும் எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டிருந்தோம்.

திவசத்தன்று சாப்பாட்டு இலைகள் எடுத்த பிறகு டிவிடியைப் போட்டார்கள். அக்காவிடம் நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. பாவு முடிந்தது, திருவிழா முடிந்தது. நாற்காலியில் மாமா வந்தார்.

"சத்தம் வைடா," என்றாள். மருமகளைப் பார்த்து, "அந்த ஃபேன நிறுத்துமா, ஒண்ணும் கேக்கல," என்றாள்.

மின்விசிறி நின்றது. அப்போதுதான் சொன்னேன்: "சத்தம் போயிடுச்சிக்கா. நான்தான் கெடுத்துட்டேன்."

அவள் திட்டவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னா சொல்றாரு? நீதானே எதிர்ல நின்னு எடுத்த," என்று கேட்டாள்.

அன்றைய திதியும் நட்சத்திரமும் எனக்குத் தெரியும். அவர் சொன்னதில் ஒரு சொல்கூட நினைவில்லை.

"தெரியலக்கா."

அவள் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.