பல்லக்கு நிற்கும் வாசல்

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது என் மனைவிக்கு ஐந்தாம் மாதம். தலைப்பிள்ளையைப் பிரசவத்திலேயே பறிகொடுத்திருந்தோம். பிள்ளை குறுக்கே கிடந்து, மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. ஆகையால், நான் வீடு பார்க்கப் புறப்பட்டபோது அவள் கேட்டது ஒன்றே.

“பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி போறா மாதிரி ஒரு வூடு பாருங்க. தண்ணி தூரமா இருந்தாலும் பரவால்ல, தூக்கிக்கினு வந்துக்கறேன்.”

சென்னை ராஜ்யத்திலிருந்து ஆந்திர ராஜ்யம் தனியே பிரிந்துவிட்டிருந்தது. எல்லைக்கோடு எங்கே விழும் என்பதுதான் எவருக்கும் தெரியாது. நகரிக்கு அருகில் இருந்த என் மாமனார் ஊர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று நாளுக்கொரு பேச்சு. தாலுகா அலுவலகக் குமாஸ்தாவான நான், எப்பக்கம் விழுந்தாலும் திருப்பதியில் காலூன்றிவிட வேண்டும் என்று எண்ணியிருந்தேன்.

இரண்டு வீடுகள் கண்ணில் பட்டன. ஒன்று ரயில் பாதைக்கு அப்பால், ஓட்டு வீடு. எதிரிலேயே குதிரை வண்டிகள் நிற்கும் ஜட்கா நிறுத்தம், அங்கிருந்து மருத்துவமனைக்கு நேர்வழி. மற்றொன்று நகரின் நடுவே, கோயிலை ஒட்டிய தேர்வீதியில். உற்சவ நாள்களில் பெருமாளின் பல்லக்கை அந்த வாசலில் தாங்குகோல்களின்மேல் நிறுத்தி, பத்துப் பாசுரம் சேவித்து, கற்பூரம் காட்டிவிட்டே நகர்வது வழக்கம். ஏழு வயதில் தந்தையார் மடியில் பாசுரம் பயின்றவன் நான். பெருமாளே என் வாசலில் வந்து நிற்கையில் என் பிள்ளையை யார் என்ன செய்துவிட முடியும் என்று எண்ணினேன். அது பக்தி என்றே அன்று நம்பினேன்.

பின்கட்டில் குடியிருந்த வீட்டுக்காரர் தெலுங்கர். “ஏமண்டி, மாமனார் ஊரு நகரிப் பக்கமா உங்களுக்கு? நாளைக்கு அது மெட்ராஸ்ல சேந்துட்டா மூட்டை கட்டிக்கினு போயிடுவீங்களா? ஆறு மாசத்துக்கு ஒரு ஆள மாத்தறது எனக்கு ஆவாது.”

“ஊர் எங்கே போனாலும் நான் பெருமாளை விட்டுப் போகமாட்டேன்” என்றேன்.

அவர் சிரித்தார். “அப்ப சரி. இந்த வாசலுக்கு நாலு பேரு காத்துக்கினு இருக்காங்க.” அன்றே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம்.

குடிவந்த அன்று மனைவி வாசலில் நின்று வீதியை இருபுறமும் பார்த்தாள். “பல்லக்கு இங்க நிக்கும், சரி. வண்டி எங்க நிக்கும்?” நான் தெருமுனையைக் காட்டினேன்.

எட்டாம் மாதத்தில் பரிசோதித்த லேடி டாக்டர், இந்தப் பிள்ளையும் குறுக்கேதான் இருக்கிறது, வலி கண்டால் ஒரு நாழிகையும் தாமதிக்கக் கூடாது என்று எச்சரித்தார். துணைக்குப் புறப்பட்ட மாமியாரின் பேருந்து வடமாலபேட்டையில் எல்லைக் கிளர்ச்சி மறியலில் சிக்கித் திரும்பிப் போய்விட்டது. பிறகு பேருந்தே வரவில்லை.

உற்சவம் வந்தது. காலைப் புறப்பாடு. பல்லக்குக்கு முன்னே சேவிக்கும் கோஷ்டியில், இரண்டாம் வரிசையில் நான் நின்றிருந்தேன். எங்கள் வாசலில் பல்லக்கு நின்றது. ஏழு பாசுரங்கள் முடிந்த வேளையில், வீட்டுக்காரரின் மனைவி நிலைப்படியில் நின்று என்னை நோக்கிக் கைகாட்டினார். அந்த முகமே சொல்லிவிட்டது. பத்து அடிதான் தூரம். ஆயினும் தொடங்கிய பத்தை முடிக்காமல் வரிசை கலைவது அபசாரம் என்று வளர்ந்தவன் நான். மூன்றுதானே என்று மனம் சொல்லிற்று. கால் அசையவில்லை. மூன்றையும் முடித்துவிட்டே உள்ளே ஓடினேன்.

அவள் கூடத்துத் தூணைப் பற்றியபடி தரையில் கிடந்தாள். நடக்க இயலாது. வெளியே கற்பூரம் காட்டி முடியாததால் பல்லக்கு இன்னும் நகரவில்லை; வீதி நிறைய ஜனம். வீட்டுக்காரர் அழைத்து வந்த ஜட்கா, கூட்டத்துக்கு அப்பால் தெருமுனையில் நின்றது. குதிரையின் தலை மட்டும் தெரிந்தது. வாசலில் கைபிசைந்து நின்ற என்னை, தாங்குகோலில் சாய்ந்து இளைப்பாறிய பல்லக்குத் தூக்கிகளின் மூத்தவர் பார்த்தார்.

“இன்னா சாமி, வூட்ல அம்மாவுக்கா? பெஞ்சி இருக்குதா?” இருந்தது. “மாத்து ஆளுங்க தோளு அடுத்த மண்டபம் வரிக்கும் சும்மாதான் கெடக்குது. தூக்குங்கப்பா.”

நால்வர் அவளைப் பெஞ்சோடு தோளில் ஏற்றினர். தெருமுனைக்குப் போக, கோஷ்டியை ஊடுருவித்தான் போக வேண்டும். பெருமாளுக்கு முன்னே அப்படி எவரும் குறுக்கிடுவதில்லை. நான் தயங்கினேன். கோஷ்டியின் முதியவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“இன்னும் ஏன் நிற்கிறீர்? பாசுரம் காத்திருக்கும், ஓய். பிள்ளை காத்திருக்காது.”

வரிசை இரண்டாகப் பிளந்தது. பல்லக்கைச் சுமக்கும் அதே குலுங்காத நடையில் அவளைக் கொண்டுபோனார்கள். “பயப்படாத தாயி. பெருமாளவிட நீ லேசுதான்” என்றார் ஒருவர்.

பெண் குழந்தை. பிழைத்தது. “இன்னும் கொஞ்சம் போயிருந்தால்…” என்று தொடங்கிய லேடி டாக்டர் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள், குழந்தையை மடியில் கிடத்தியபடி மனைவி சொன்னாள்: “கையக் காட்டிட்டேன்னு வூட்டுக்கார அம்மா வந்து சொன்னாங்க. அப்புறம் நீங்க உள்ள வர்றதுக்குள்ள மூணு பாட்டு கேட்டுது. ஒவ்வொண்ணா எண்ணிக்கினு இருந்தேன்.”

குரலில் கோபம் இல்லை.

தீட்டுக் கழிந்ததும் வீட்டுக்காரரிடம் சாவியை நீட்டினேன். “ஏமண்டி, எல்லைக்கு இன்னும் தீர்ப்பே வரலியே, அதுக்குள்ள கெளம்பிட்டீங்களா?” என்றார்.

ரயில் பாதைக்கு அப்பால் இருந்த ஓட்டு வீடு அப்போதும் காலியாகவே இருந்தது. அங்கே பல்லக்கு வருவதில்லை. வண்டியிலிருந்து இறங்கிய மனைவி வீட்டைப் பார்க்கவில்லை. எதிரே புல் மென்றுகொண்டிருந்த ஜட்காக் குதிரையைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு குழந்தையுடன் உள்ளே போனாள்.